சக்கரத்துக்கு வைத்த சந்தனப் பொட்டு

மாபெரும் சபதங்கள் எல்லாம் நிறைந்த சபையில் செய்யப்பட்டவை. என்னுடைய சபதம் கார் நிறுத்தும் கொட்டகையில், ஒரு கையில் வாளியும் மறு கையில் ஈரத்துணியுமாக நின்று செய்யப்பட்டது.

"இந்தக் காரில் என் கையால ஒரே ஒரு கீறல் விழட்டும், சுந்தரி. அன்னிக்கே சாவியைக் கொண்டுவந்து உன் கையில தந்துடறேன். பின்னே நான் ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன்."

சாட்சிக்கும் குறைவில்லை. மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டு வீரலட்சுமி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"நானும் கேட்டுக்கிட்டேன் அண்ணே," என்றாள்.

வீரலட்சுமி விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கொச்சிக்கு வந்து, இட்லி மாவு அரைத்து எர்ணாகுளத்துக் கடைகளுக்கு விற்பவள். அவள் காதில் ஒரு சொல் விழுந்தால், அவள் மாவைப் போலவே அது ஒரே இரவில் இரண்டு மடங்காகப் பொங்கிவிடும். மறுநாள் காலையில் எங்கள் மட்டாஞ்சேரியின் பாதித் தெருக்களுக்கு என் சபதம் தெரிந்திருந்தது.

அவ்வளவு துணிச்சலாகச் சபதம் செய்ய எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நான், சங்கர்ராம், வல்லார்பாடத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்ப்பவன். என் மேஜைக்கு எதிரே உள்ள ஜன்னல் வழியாகத் தினமும் பார்க்கிறேன்: வீடளவு பெரிய இரும்புப் பெட்டிகளை ராட்சசக் கிரேன்கள் தூக்கி, ஒரு விரற்கடைகூடப் பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகின்றன. இத்தனை வருடங்களாகப் பார்த்துப் பார்த்து, அந்தத் துல்லியம் கண் வழியாக எனக்குள்ளும் இறங்கிவிட்டது என்று நான் மனமார நம்பினேன்.

என் மனைவி திரிபுரசுந்தரி வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவள். மாலை நேரங்களில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். தெருவுக்கே அவள் 'டீச்சர்'. டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, முதல் தேர்விலேயே லைசென்ஸும் வாங்கியவள். அந்த லைசென்ஸ் அலமாரியில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே பத்திரமாக உறங்கியது. அதை எழுப்ப வேண்டும் என்று அவள் கேட்கும்போதெல்லாம் நான் மறுத்ததே கிடையாது. மறுப்பது நாகரிகமில்லை. ஒத்திப்போடுவதே என் வழக்கம்.

"ஓணம் கழியட்டும்," என்பேன். ஓணம் கழியும். "ரோடு போட்டு முடிக்கட்டும்," என்பேன். அதையும் ஒருநாள் முடித்துத் தொலைத்தார்கள். அதன் பிறகு, எவராலும் அசைக்க முடியாத ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தேன்.

"மழை நிக்கட்டும், சுந்தரி."

கொச்சியை அறிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். இங்கே தென்மேற்குப் பருவமழையான இடவப்பாதி முடிந்தால் ஐப்பசி மழையான துலாவர்ஷம். இரண்டுக்கும் நடுவில் பெய்வதற்குப் பெயரே கிடையாது, ஆனால் பெய்யும்.

அப்படிப்பட்ட எனக்கு, நவராத்திரி தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சோதனை வந்தது. காரைக் கழுவிக்கொண்டிருந்தேன். இடது பக்க முன்சக்கரத்தின் விளிம்பில், கறுப்பு வண்ணத்தைக் கிழித்துக்கொண்டு, வெள்ளி அரைஞாண் போல ஒரு நீண்ட கீறல் பளபளத்தது. குந்தி உட்கார்ந்தேன். பின்சக்கரத்தைப் பார்த்தேன். அங்கே இன்னும் நீளமாக இன்னொன்று.

நான் எங்கும் இடித்ததாக நினைவில்லை. ஆனால் இந்த வீட்டில் கார் ஓட்டுபவன் நான் ஒருவன்தானே. பஜார் ரோட்டில், பழைய அரிசி கோடவுனின் வாசல் ஓரத்தில் ஒரு கருங்கல் துருத்திக்கொண்டு நிற்கிறது. அந்தப் பக்கம் லாரி, இந்தப் பக்கம் கைவண்டி, நடுவில் ஒரு பழைய கதவைப் படம் எடுக்கும் வெள்ளைக்காரர் என்றிருந்த ஏதோ ஒரு கணத்தில் அந்தக் கல் என்னைக் கடித்திருக்க வேண்டும்.

உண்மையைச் சொன்னால், சில காலமாகவே எனக்கும் காருக்கும் ஒத்துப்போகவில்லை. வேலைக்கு நான் பஸ்ஸில் போகிறவன்; ஞாயிற்றுக்கிழமை காரில் ஏறி உட்கார்ந்தால் வயிறு ஸ்டியரிங்கில் முட்டியது. உடம்பு பெருத்துவிட்டதென்று, சாயாவோடு தின்னும் பழம்பொரியை, அந்த நேந்திரம்பழ பஜ்ஜியை, நிறுத்தினேன். ஏசியைப் போட்டால் லேசாக ஒரு புளிப்பு வாசனை வந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஏசியைக் கழுவச் சொன்னேன். காரின் உறை சில நாட்களில் முன்பின்னாகக் கிடந்தது. மறதி என்று பாதாம்பருப்பு ஊறவைத்துத் தின்றேன். இப்போது கண்ணும் போய்விட்டதா என்று கவலையோடு சக்கரத்தின் மேல் குனிந்தபோது, பின்னால் குரல் கேட்டது.

"என்னாக்கும் அங்க? சக்கரத்தோட சம்பாஷணையா?"

"காத்து இருக்கான்னு பார்க்கறேன்."

"மூக்காலயா?"

மூக்கு சக்கரத்தைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. ஈரத்துணியால் கீறலை மூடிக்கொண்டு எழுந்தேன். சுந்தரி சாயாவை நீட்டிவிட்டு, என்னையும் துணியையும் ஒரு கணம் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள் போலிருந்தது. நான் மழையைப் பற்றிப் பேசத் தொடங்கியதும், உள்ளே போய்விட்டாள்.

என் முன் இருந்த ஆபத்து எளிதில் தள்ளக்கூடியதல்ல. எங்கள் வீட்டில் அஷ்டமி மாலையில் பூஜை வைப்பு. புத்தகங்கள், பேனாக்கள், கருவிகள் எல்லாம் பூஜையில் ஏறும். கார் ஏற முடியாதென்பதால் அதன் சாவி ஏறும். காருக்கோ, நின்ற இடத்திலேயே அலங்காரம். சுந்தரி தன் கையாலேயே நான்கு சக்கரங்களுக்கும் சந்தனப் பொட்டு வைப்பாள். ஒவ்வொரு சக்கரத்தின் முன்னும் உட்கார்ந்து, இடம் பார்த்து, விளிம்பில் வைப்பாள். அவள் எதையும் அவசரமாகச் செய்து நான் பார்த்ததில்லை. அந்தக் கண்ணுக்கு இந்தக் கீறல் தப்பாது. கீறல் தெரிந்தால் சாவி போய்விடும். சாவி போனால், ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வீட்டில் எனக்கென்று மிஞ்சியிருந்த ஒரே அதிகாரமும் போய்விடும்.

ஆகவே நான்கு சக்கரங்களுக்கும் பவுடர் கோட்டிங் செய்துவிடுவதென்று முடிவெடுத்தேன். இரண்டுக்கு மட்டும் செய்தால் சந்தேகம் வரும். நான்குக்கும் செய்தால் அன்பு என்று பெயர்.

திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டு, பைபாஸ் ஓரத்தில் இருந்த ஒரு பட்டறைக்குக் காரைக் கொண்டுபோனேன். உரிமையாளர் அருண்பாண்டி, தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். இங்கே எங்கள் குலத்தின் ஒரு பலவீனத்தைச் சொல்லியாக வேண்டும். பல தலைமுறைகளுக்கு முன்பே பாலக்காட்டிலும் கொச்சியிலும் வேர்விட்டுவிட்ட தமிழர்கள் நாங்கள். எங்கள் தமிழைக் கேட்டால் மதுரையில் 'நீங்க கேரளாவா?' என்பார்கள். எங்கள் மலையாளத்தைக் கேட்டால் கொச்சியில் 'தமிழனாணோ?' என்பார்கள். ஆகவே, அசல் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் எங்கள் தமிழை மெச்சிவிட்டால், அதற்குப் பிறகு எங்களிடம் எதை வேண்டுமானாலும் விற்றுவிடலாம்.

"வாங்க சார், உக்காருங்க. சாப்டீங்களா?"

"ஊணு கழிஞ்சாச்சு."

"அடடே, சார் தமிழா? என்ன சுத்தமாப் பேசுறீங்க."

'ஊணு கழிஞ்சாச்சு' என்றவனைப் பார்த்து இப்படிச் சொன்னவரை அந்தக் கணமே சந்தேகித்திருக்க வேண்டும். நான் உருகிவிட்டேன்.

அருண்பாண்டி விளக்கினார். "பழைய பெயிண்டை மணல் அடிச்சு முழுசா எடுத்துருவோம். கீறலை உரசிச் சமமாக்கி, பவுடர் தூவி, அடுப்புல வச்சுச் சுட்டு எடுத்தா, பத்து வருசத்துக்கு அசையாது சார். நாலு நாளாகும்."

"நாளைக்கே வேணும்."

"நாளைக்கா?"

"நாளன்னிக்கு பூஜை வைக்கணும். ரொம்ப அவசரமாக்கும்."

அவர் மேற்கூரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நம்ம தமிழ்க்காரரு கேட்டு இல்லைன்னு சொல்ல முடியுமா? பண்ணிருவோம் சார்."

எதைச் செய்யாமல் விட்டால் நான்கு நாள் வேலை ஒரே நாளில் முடியும் என்பதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சர்வீஸுக்கு விட்டிருக்கிறேன் என்று வீட்டில் சொன்னேன். மறுநாள் மாலை, நான்கு சக்கரங்களும் கறுப்புக் கண்ணாடி போல ஜொலிக்கக் கார் கொட்டகைக்குள் நுழைந்தது. சுந்தரி வாசலுக்கு வந்தாள்.

"சர்வீஸ்னு சொன்னேள்."

"சர்வீஸும் பண்ணினேன். சக்கரத்துக்கு நவராத்திரிப் பரிசு."

"எனக்கு?"

"உனக்கும் சேர்த்துத்தான்."

"இந்த நாலுல எது என்னோடது?"

பதில் தேடுவதற்குள் அவள் குனிந்து, விரலால் விளிம்பைத் தடவினாள். "இதென்ன, ரவை தூவினாப்ல இருக்கு?"

"டெக்ஸ்சர் ஃபினிஷ். இப்போ அதாக்கும் ஃபாஷன்."

"இந்தப் பக்கம் ரவை. அந்தப் பக்கம் சேமியா வழிஞ்சிருக்கு. அதுவும் ஃபாஷனா?"

"தூரத்துலேர்ந்து பார்க்கணும், சுந்தரி."

அவள் தூரத்திலிருந்தும் பார்த்தாள். குறிப்பாக இடது பக்கச் சக்கரங்களை வெகுநேரம் பார்த்தாள். அவள் முகத்தில், தொலைந்துபோன ஏதோ ஒன்று தானாகத் திரும்பிக் கிடைத்தவளின் நிம்மதி தெரிந்தது. என் ரசனையைக் கண்டு மகிழ்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அஷ்டமி மாலையில் பூஜை வைத்தோம். டியூஷன் பிள்ளைகளின் புத்தகங்கள், என் அலுவலகப் பேனா, வீரலட்சுமியின் மாவுக் கரண்டி, இவற்றின் உச்சியில் பூவோடு கார்ச்சாவி. நான்கு சக்கரங்களுக்கும் கெட்டியான சந்தனம்; நடுவில் குங்குமம். சுந்தரி எதையும் கண்டுபிடிக்கவில்லை. பூஜையில் வைத்ததை விஜயதசமி வரை தொடக்கூடாது என்பதால் காரும் அசையவில்லை. நிம்மதியாகத் தூங்கினேன். பழம்பொரிகூடத் தின்றேன்.

விஜயதசமி காலை. பூஜை எடுப்பு முடிந்தது. சுந்தரி ஈரத்துணியோடு கொட்டகைக்குப் போனாள், காய்ந்த சந்தனத்தைத் துடைக்க.

"இங்க வாங்கோ."

என் மனைவி கத்துபவள் அல்ல. அவள் குரல் எவ்வளவு தாழ்கிறதோ, விஷயம் அவ்வளவு பெரியது. இந்த முறை எனக்குக் கேட்டதே அதிசயம்.

துணியை விரித்துக் காட்டினாள். அதில் சந்தனப் பொட்டு முழுதாக இருந்தது. பொட்டின் அடியில், பொரித்த அப்பளத்தின் விள்ளல் போல, கறுப்பு வண்ணத்தின் ஒரு துண்டு. சக்கரத்தில் பொட்டு இருந்த இடத்தில், என் வெள்ளி அரைஞாண் முன்னைவிடப் பிரகாசமாகச் சிரித்தது.

"சந்தனத்தோட கறுப்பும் வந்துடுத்து."

"சந்தனம் கொஞ்சம் கூடிப்போச்சோ?"

"நெத்தியில வச்சுக்கறோமே. தோல் உரியறதா?"

உள்ளே போய் முதலுதவிப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரி எடுத்துவந்தாள். வலது பக்கச் சக்கரத்தில் ஒரு துண்டை ஒட்டி, நன்றாக அழுத்தி, சட்டென்று உரித்தாள். பிளாஸ்திரி கறுப்பாகத் திரும்பி வந்தது. பின்சக்கரத்திலும் அதே கதை.

"எண்ணெயையும் அழுக்கையும் கழுவலை. பழைய பெயிண்டை எடுக்கலை. அதுக்கு மேலயே பவுடரைத் தூவிச் சுட்டிருக்கா. பிடிச்சுக்க ஒண்ணும் இல்லாம எப்படி நிக்கும்?" என்று, வகுப்பில் கேட்பது போலக் கேட்டாள். நான் கடைசி பெஞ்சு மாணவன் போலத் தரையைப் பார்த்தேன்.

"அது போட்டும். இந்தக் கீறல் இருக்கே..."

"நான்தான்," என்றேன்.

"எது?"

"கீறல். நான்தான் பண்ணினேன். பஜார் ரோட்டுல அந்தக் கல். மறைச்சுடலாம்னுதான் இதெல்லாம்."

சுந்தரி வாயைத் திறந்தாள். மூடினாள். "நான் ஒண்ணு சொல்லணும்..."

"ஒண்ணும் சொல்லாதே. நீ எப்படியும் மன்னிச்சுடுவே. அது எனக்கு வேண்டாம். வாக்குன்னா வாக்கு."

"முதல்ல நான் சொல்றதைக் கேளுங்கோளேன்."

"கேட்டா மனசு மாறிடும்."

மதிலுக்கு அப்பால் ஒரு இருமல் கேட்டது. "அண்ணே, அப்ப சாவி?"

பூஜை அறைக்குப் போனேன். பூவோடு சாவியை எடுத்துவந்து, இரண்டு கைகளாலும் சுந்தரியின் உள்ளங்கையில் வைத்தேன். தியாகம் செய்கிறவனின் முகத்தை வைத்துக்கொள்வது எவ்வளவு சுகமானது என்பதை அன்றுதான் அறிந்தேன். அவள் சாவியைப் பார்த்தாள். மதிலைப் பார்த்தாள். வீரலட்சுமியின் முகம் துணிகளுக்குப் பின்னால் மறைந்தது.

"சரி," என்றாள் சுந்தரி மெதுவாக. "பூஜையிலேர்ந்து எடுத்துத் தந்ததை வேண்டாம்னு சொல்லப்படாது. இன்னிக்கு வித்யாரம்பத்துக்கும் நல்ல நாள். ஏறுங்கோ, பட்டறைக்குப் போலாம்."

வாழ்க்கையில் முதன்முறையாக என் காரின் இடது இருக்கையில் உட்கார்ந்தேன். கைப்பிடியைப் பற்றிக்கொண்டேன். வருடக்கணக்காக ஓட்டாதவள் இந்தச் சந்திலிருந்து எப்படிப் பின்னால் எடுக்கப்போகிறாள் என்று கண்ணை மூடினேன். திறந்தபோது கார் ரோட்டில் இருந்தது. நான் அதே சந்தில் ஏழெட்டு முறை முன்னும் பின்னும் ஆடுவேன். அவள் ஒரே வளைவில் வந்துவிட்டாள். மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் மூளை அல்லவா என்று வியந்தேன். பஜார் ரோட்டில் சுமைதூக்கும் சேட்டன்மார் கைவண்டியை ஒதுக்கி, "டீச்சரே, இன்னைக்கு லேட் ஆயல்லோ," என்று கையசைத்தார்கள். விஜயதசமியன்று எல்லோருக்கும் டீச்சர்மேல் மரியாதை கூடிவிடுகிறது.

பாலம் ஏறும்போது அவள் வேகத்தைக் குறைத்தாள்.

"எதோ ஆடறது."

"ரோடாக்கும். பட்டறையிலேர்ந்து கொண்டுவரச்சேயும் இப்படித்தான் இருந்தது."

"ரோடு ஒரு பக்கமா மட்டும் ஆடுமோ?"

பாலம் இறங்கியதும் ஓரமாக நிறுத்தினாள். டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னிக்கு அடியிலிருந்து ஸ்பானரை ஒரே எட்டில் எடுத்தாள். அது அங்கே இருப்பது எனக்கே தெரியாது. ஆனால் ஸ்பானருக்கு வேலையே இருக்கவில்லை. முன்சக்கரத்தின் நட்டு அவள் விரலுக்கே திரும்பியது. பக்கத்து நட்டும் திரும்பியது.

"நட்டு உக்கார்ற இடத்துலயும் கனமாப் பவுடரை அப்பியிருக்கா. மூடிவச்சுட்டுத் தூவணும். ஓட ஓட அது நொறுங்கிடும், நட்டு தளர்ந்துடும்." ஒவ்வொரு நட்டாக இறுக்கினாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒன்றை விட்டு எதிரில் இருப்பதை, பிறகு அடுத்ததை.

அந்த ஆட்டத்தோடுதான் நான் பைபாஸிலிருந்து மட்டாஞ்சேரி வரை, வானொலியில் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்திருந்தேன். சக்கரம் கழன்று கண்டெய்னர் லாரிக்கு முன்னால் உருண்டிருந்தால்? பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தேன்.

"சுந்தரி," என்றேன்.

"தண்ணி குடியுங்கோ," என்றாள். பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். பாதி நான் குடித்தேன். பாதி சட்டை குடித்தது. திட்டவில்லை. 'நான் அப்பவே சொன்னேனே' என்றும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் உரிமை முழுவதும் கையில் இருந்தும் பயன்படுத்தாத மனைவி எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அங்கிருந்து பட்டறைவரை அவள் நடைவேகத்தில் ஓட்டினாள். வழியில் இரண்டு முறை நிறுத்தி நட்டுகளைச் சரிபார்த்தாள்.

பட்டறையில் அப்போதுதான் அருண்பாண்டி வாசலுக்கு மாலை போட்டு, பூசணிக்காயை உடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. விஜயதசமியும் அதுவுமா லச்சுமி மாதிரி வந்திருக்கீங்க. அம்மாவும் தமிழா? என்ன அருமையாப் பேசுறீங்க."

அவள் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை. இப்போது திறந்தாள்.

"என் தமிழ் நிக்கறது. உங்க பெயிண்ட் நிக்கலை."

பிளாஸ்திரியை எடுத்து, அவர் கண்ணெதிரே ஒட்டி, உரித்துக் காட்டினாள். கறுப்புத் துண்டை அவர் கையில் வைத்தாள். தளர்ந்த நட்டுகளின் கதையைச் சொன்னாள். குரலை ஒருமுறைகூட உயர்த்தவில்லை. அருண்பாண்டியின் குரல் மட்டும் படிப்படியாக இறங்கியது.

"சார்தான் அவசரம்னாங்க."

"அவர் அவசரம்னார். தப்பு. நீங்க முடியாதுன்னு சொல்லலை. அதுவும் தப்பு. ரெண்டு பேரும் பாதிப் பாதி எடுத்துக்கோங்கோ."

நான் என் பாதியை ஏற்றுக்கொண்டேன். அவர் இன்னும் தயங்கினார். "இன்னிக்குத்தாம்மா பூஜை போட்டுத் திறக்கோம். நாளைக்கு வந்தீங்கன்னா..."

"இன்னிக்குத் தொடங்கற வேலைதான் வருஷம் பூரா தொடரும்னு நம்பறேள், இல்லையா?"

"ஆமாம்மா."

"அப்போ இன்னிக்கு முதல் வார்த்தையா 'முடியாது'ன்னு சொல்லப்போறேளா, இல்லை முதல் வேலையா ஒரு தப்பைத் திருத்தப்போறேளா?"

பூசணிக்காயின் சிவந்த துண்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு அந்த மனிதர் மாலை போட்ட வாசலைத் திரும்பிப் பார்த்தார். வருடம் முழுவதும் 'முடியாது' என்று சொல்ல நேரும் ஒரு பட்டறை அவர் கண்முன் தோன்றியிருக்க வேண்டும்.

"சக்கரத்தைக் கழத்துங்கப்பா," என்று உள்ளே குரல் கொடுத்தார்.

"அவசரம் ஒண்ணும் இல்லை," என்றாள் சுந்தரி. "நாலு நாளோ அஞ்சு நாளோ ஆகட்டும். வெறும் உலோகத்தை நான் ஒருதரம் பார்க்கணும். அப்புறம் பவுடர். நட்டு உக்கார்ற இடமும், சக்கரம் வண்டியோட ஒட்டற முகமும் மூடியிருக்கணும். ஒரு நாற்காலி இருந்தாத் தாங்கோ."

பட்டறை இரவல் தந்த சாதாரண இரும்புச் சக்கரங்களில் வீடு திரும்பினோம். சொன்னபடியே இடையில் ஒருநாள் போய், மணல் அடித்து வெளுத்த சக்கரங்களை அவள் தடவிப் பார்த்தாள். கீறல் இருந்த இடத்தை உரசிச் சமமாக்கியிருந்தார்கள். அவள் தலையசைத்த பிறகே பவுடர் தூவினார்கள். முடிந்த அன்று சக்கரங்களைப் பார்த்தபோது ரவையும் இல்லை, சேமியாவும் இல்லை. பிளாஸ்திரி ஒட்டிய மாதிரியே வெள்ளையாக உரிந்து வந்தது. நட்டுகளை அருண்பாண்டி தன் கையாலேயே இறுக்கினார்.

"நல்லா வந்திருக்கு," என்றாள் சுந்தரி. "இதுதான் உங்க வேலை. மத்தது உங்க அவசரம்."

அருண்பாண்டி முகம் மலர்ந்து கும்பிட்டார். எனக்கும் கும்பிடத் தோன்றியது. ஒருவரைத் திட்டாமல் திருத்தி, அவரையே நன்றி சொல்ல வைப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வீட்டில் அது எனக்குத் தினமும் நடந்திருக்கிறது; ஆனால் உள்ளே இருந்தபடி பார்த்தால் தெரிவதில்லை.

திரும்பும் வழியில் நான் சாய்ந்து உட்கார்ந்தேன். ஓட்டுபவனுக்கு மட்டாஞ்சேரி என்பது முன்னால் போகும் ஆட்டோவின் பின்பக்கம் மட்டுமே. இப்போதுதான் ஊரைப் பார்த்தேன். கோடவுன்களின் மாடி ஜன்னல்கள் நீல நிறம் என்பது இத்தனை வருடங்களாக எனக்குத் தெரியாது. ஒரு முற்றம் நிறைய இஞ்சி காய்ந்துகொண்டிருந்தது. வாசனை மூக்கை வருடியது. மனம் நிறைந்து பேசினேன்.

"சுந்தரி, உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை. உயிரைக் காப்பாத்தினே. மானத்தையும் காப்பாத்தினே. சாவியைத் தந்ததுல எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை."

"நிஜமாவா?"

"சத்தியமா. ஆனா பார்த்துப் போ. அதோ, அரிசி கோடவுன். என்னைக் கடிச்ச கல் அங்கதான்."

சுந்தரி லாவகமாக வளைத்து, கல்லை ஒரு முழம் தள்ளியே விட்டுக் கடந்தாள்.

"அது உங்களைக் கடிக்கலை," என்றாள். "என்னைத்தான். முன்சக்கரத்துல ஒரு தடவை. பின்சக்கரத்துல ஒரு தடவை."

கார் அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்குள்தான் பல பொருட்கள் ஒவ்வொன்றாக இடம் மாறின: முன்னால் நகர்ந்த இருக்கை, முன்பின்னான உறை, கழுவிய ஏசி, பாதாம்பருப்பு, நிறுத்திய பழம்பொரி.

"வீரலட்சுமியோட மாவை ஆட்டோக்காரா ஏத்தமாட்டேங்கறா, சிந்தும்னு. செவ்வாயும் வெள்ளியும் நான்தான் எர்ணாகுளத்துக்குக் கொண்டுபோறேன். நீங்க வல்லார்பாடத்துக்குப் போனப்புறம்."

"எவ்வளவு நாளா?"

"நீங்க 'மழை நிக்கட்டும்'னு சொன்ன அந்த மழையிலேர்ந்து."

"கீறல் விழுந்ததை என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் வந்தேன். காத்து பார்க்கறேன்னேள். பூஜை எடுத்தன்னிக்கும் சொல்ல வந்தேன். கேட்டா மனசு மாறிடும்னேள்." அவள் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. "எதுலயும் உங்களுக்கு அவசரம்."

நியாயம். அத்தனையும் நியாயம். நான் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு, கேட்காத தண்டனையை நானே விதித்து, பூவும் வைத்து அவளிடம் கொடுத்திருக்கிறேன். என்றாலும், இறுக்கமாக உட்கார்ந்திருந்த நான்கு சக்கரங்களும் அடியில் ஓசையின்றி உருண்டபோது, கோபம் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. அவள் அந்தக் கல்லில் இரண்டு முறை இடித்துப் பழகியிருக்காவிட்டால், பாலத்தில் அந்த ஆட்டத்தை யார் கண்டுபிடித்திருப்பார்கள்? அந்தக் கல்லுக்கும் ஒரு சந்தனப் பொட்டு வைக்கத் தோன்றியது.

வீட்டு வாசலில் வீரலட்சுமி மாவு வாளிகளோடு தயாராக நின்றாள். "அண்ணே, கொஞ்சம் முன்னாடி நகர்ந்து உக்காருங்க. பின்னால வாளி வைக்கணும்."

நகர்ந்தேன். மடியில் ஒரு வாளி வந்து உட்கார்ந்தது. அதே புளிப்பு வாசனை. வானத்தைப் பார்த்தேன். துடைத்துவிட்டது போல ஒரு மேகமும் இல்லாத நீலம். இவ்வளவு நன்றியோடு இருப்பவன் சிறிதாக ஒன்று கேட்டால் தவறில்லை என்று பட்டது.

"சுந்தரி, ஞாயித்துக்கிழமை மட்டும் நான் கொஞ்சம் ஓட்டட்டுமா?"

"அதுக்கென்ன, தாராளமா ஓட்டலாம்," என்றாள் சுந்தரி, கண்ணாடியைச் சரிசெய்தபடி. "மழை நிக்கட்டும்."